எந்த வலி, யாருடைய வலி?

1980-களின் தொடக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு. இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காக அங்கே போயிருந்தார் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் போகும்போது ஓரளவு நன்றாக இருந்து, திரும்பும்போது தோல் சாம்பல் பூத்து, நாடி தளர்ந்து, மூச்சு மேலோட்டமாகி வருவது அவர் கண்ணில் பட்டது. அறுவை அரங்குக்குள் போய்ப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அந்தக் குழந்தைகளுக்குத் தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே கொடுத்தார்கள். வலியை அடக்க வலுவான மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிராதவை, அதற்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது, வலுவான மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதுதான் அன்றைக்கு மருத்துவர்கள் படித்த பாடம்.

ஆனந்தும் சக ஆய்வாளர்களும் 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருந்துகள். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலியடக்கி. 1987-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வலியடக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் மிக அதிகமாக எகிறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதல். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பிறந்த குழந்தைகளுக்கும் அறுவையின்போது மயக்க மருந்தும் வலியடக்கியும் தரவேண்டும் என்று அறிவித்தது.

வலியை மருத்துவம் கையாண்ட வரலாற்றில் இது தனித்த நிகழ்வு அல்ல. வலியால் துடிப்பவர் ஒருவர், அதை மதிப்பிடுபவர் இன்னொருவர். இந்த இருவருக்கும் இடையிலான தூரத்தில்தான் வலி மருத்துவத்தின் பெரும்பாலான தவறுகள் நேர்ந்திருக்கின்றன. கடந்த அறுபது, எழுபது ஆண்டு ஆராய்ச்சியைத் தொகுத்துப் பார்த்தால், மருத்துவமனை ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. இவர் சொல்லும் வலியை நாம் நம்புகிறோமா? இது எந்த வகை வலி? முதல் கேள்வியைத் தவிர்த்த இடங்களில் மனிதர்கள் தேவையில்லாமல் துடித்தார்கள். இரண்டாம் கேள்வியைத் தவிர்த்த இடங்களில் மருந்தே அவர்களைக் கொன்றது.

நம்பப்படாத வலி

1973-இல் ரிச்சர்ட் மார்க்ஸ், எட்வர்ட் சாக்கர் என்ற இரு மனநல மருத்துவர்கள் நியூயார்க்கில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "வலியை மிகைப்படுத்துகிறார், மனநிலை சரியில்லை" என்று தங்களிடம் அனுப்பப்பட்ட நோயாளிகள் சிலரை அவர்கள் பரிசோதித்திருந்தார்கள். மனதில் கோளாறு இல்லை. கொடுத்த வலிமருந்துதான் போதவில்லை. அடுத்து, வலுவான வலிமருந்து பெற்றுவந்த 37 உள்நோயாளிகளை விசாரித்தார்கள். மருந்து வாங்கிக்கொண்டிருந்தபோதே ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் மிதமான அல்லது கடுமையான வேதனையில் இருந்தார்கள். மருத்துவர்கள் தேவையைவிடக் குறைந்த அளவை எழுதியிருந்தார்கள். செவிலியர்கள் அதையும் குறைத்துக் கொடுத்திருந்தார்கள். அடிமையாகிவிடுவார்களோ என்ற மிகையான அச்சமே காரணம்.

யாருடைய வலி என்பதைப் பொறுத்தும் நம்பிக்கை மாறுகிறது. அமெரிக்காவில் அவசரச் சிகிச்சைப் பிரிவு ஒன்றுக்குக் கடும் வயிற்றுவலியுடன் வந்தவர்களை ஆராய்ந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. வலியின் கடுமை ஒன்றாகவே இருந்தும் ஆண்கள் மருந்துக்குக் காத்திருந்தது 49 நிமிடம், பெண்கள் 65 நிமிடம். 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது, விசாரிக்கப்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் சுமார் பாதிப் பேர் ஓரளவு நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

நம் ஊர் வார்டுகளில் இது வேறு உருவத்தில் இருக்கிறது. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று பிரசவ அறையில் சொல்வது வழக்கம். அறுவை முடிந்து படுத்திருப்பவரோ, "வலி இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டால், "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுவார். பொறுத்துக்கொள்வது நல்ல குணம் என்று வளர்ந்தவர் அவர். இருமச் சொன்னால் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு இருமாமலே விடுவார். எழுந்து நடக்கச் சொன்னால் நாளைக்கு என்பார். இருமாதவரின் நுரையீரலில் சளி தேங்கும். நடக்காதவரின் காலில் இரத்தம் உறையக்கூடும். அடக்கப்படாத வலி வேதனையோடு நிற்பதில்லை, குணமாவதையே தாமதப்படுத்தும்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தி, அதனுடன் ஆறு குறிப்புகளைச் சேர்த்தது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்கிறது ஒரு குறிப்பு. வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்கிறது இன்னொன்று. பச்சிளங்குழந்தை, மறதிநோய் கண்ட முதியவர், செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர் என எல்லோரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

காயமும் வலியும் ஒன்றல்ல

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டார். நால்வரில் மூவர் வேண்டாம் என்றார்கள். 1946-இல் அவர் இதை வெளியிட்டபோது, காயம் எவ்வளவோ அவ்வளவு வலி என்ற எளிய கணக்கு ஆட்டம் கண்டது. போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டோம் என்ற எண்ணம் வலியையே மாற்றியிருந்தது.

இதற்கு உடலுக்குள் என்ன வழிமுறை என்பதை 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்ற பெயரில் விளக்க முயன்றார்கள். காயத்திலிருந்து கிளம்பும் சமிக்ஞை நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அது கூட்டவும் குறைக்கவும் படுகிறது. மேலிருந்து மூளையும் அதில் தலையிடுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி தணிவதும், அச்சத்தில் வலி கூடுவதும் இதனால் விளங்கின. கோட்பாட்டின் சில விவரங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்துவிட்டது.

1983-இல் கிளிஃபோர்ட் வூல்ஃப், திரும்பத் திரும்ப வலிச் சமிக்ஞை வந்தால் தண்டுவட நரம்புகளே கூருணர்வு அடைந்துவிடுவதைக் காட்டினார். ஒரே வழியில் ஆள் நடந்து நடந்து புல்வெளியில் தடம் விழுவதுபோல, வலி தனக்கென ஒரு பாதையை ஆழப்படுத்திக்கொள்கிறது. அதன்பிறகு சிறு தொடுகையும் வலிக்கும். காயம் ஆறிய பின்னும் வலிக்கும். திடீர் வலி உடலைக் காக்க வரும் எச்சரிக்கை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட வலியில் பல நேரம் எச்சரிக்கை எதுவும் இல்லை, அதுவே நோய். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடுகள் தந்து, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திடீர் வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் ஒரே மருந்தை ஒரே விதத்தில் தரமுடியாது என்பதுதான் இதிலிருந்து மருத்துவமனை கற்கவேண்டிய முதல் பாடம்.

திடீர் வலி: முந்திக்கொள்வதே நல்லது

அறுவை, எலும்பு முறிவு, தீக்காயம் போன்றவற்றில் வலியை உடனே, முழுமையாக அடக்குவதே நியாயம். எந்த ஒரு மருந்தையும் அளவுக்கு மீறிச் சார்ந்திருக்காமல், வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறு அளவுகளில் சேர்த்துத் தருவது இன்று ஏற்கப்பட்ட முறை. பாராசிட்டமால், வீக்கமடக்கும் மாத்திரை, குறிப்பிட்ட நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, தேவைப்பட்டால் சிறிது மார்ஃபின். இடுப்பெலும்பு முறிந்து வரும் மூதாட்டிக்கு அவசரப் பிரிவிலேயே நரம்புத் தடுப்பு ஊசி போட்டுவிட்டால், எக்ஸ்ரே மேசைக்குத் தூக்கி மாற்றும்போது அவர் அலறவேண்டியதில்லை. மனக்குழப்பம் உண்டாக்கக்கூடிய மருந்துகளின் அளவும் குறையும்.

வலுவான மருந்துதான் எப்போதும் சிறந்தது என்பதும் இல்லை. கை கால் வலியுடன் நியூயார்க்கின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 411 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்ததும், ஓபியாய்டு எனப்படும் அபின் வழி மருந்து கலந்த மாத்திரைகளைக் கொடுத்ததும் இரண்டு மணிநேரத்தில் ஒரே பலனைத் தந்தன. புதிதாக முதுகுவலியோ கழுத்துவலியோ வந்த 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஓபியாய்டு வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்துவிடவில்லை.

ஊசி வலியும் சிறிய விஷயம் அல்ல. சுன்னத்தின்போது வலியடக்கி பெறாத ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாத வயதில் தடுப்பூசி போட்டபோது மற்றவர்களைவிடக் கூடுதலாக அழுததை அன்னா டாடியோவின் குழு 1997-இல் காட்டியது. நினைவில் நிற்காது என்று ஒதுக்கப்பட்ட வலி உடலில் தங்கியிருந்தது. தடுப்பூசி போடும்போது குழந்தையை மடியில் வைத்துத் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வது காசில்லாத, நன்றாக நிரூபிக்கப்பட்ட வலிநிவாரணம். நம்முடைய ஆரம்பச் சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இதை நாளைக்கே வழக்கமாக்கலாம்.

நாள்பட்ட வலி: படத்தில் தெரியாதது

முதுகுவலிக்காரர் ஒருவர் எம்ஆர்ஐ படங்களை மஞ்சள் பையில் சுமந்துகொண்டு மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைவதை எல்லோரும் பார்த்திருப்போம். அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்", "டிஸ்க் பல்ஜ்" என்றிருக்கும். அவர் குனிவதற்கே அஞ்சத் தொடங்குவார். ஆனால் வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகுப் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு சொல்வது வேறு. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். முடி நரைப்பதைப் போல முதுகும் வயதாகிறது. படத்தில் தெரியும் தேய்மானம் வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்படாமை போன்ற அபாயக் குறிகள் இருந்தால்தான் அவசரமாகப் படம் தேவை.

மருந்து விஷயத்தில் முக்கியமான ஆய்வு 2018-இல் வந்தது. நாள்பட்ட முதுகுவலியோ மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 முன்னாள் படைவீரர்களை எரின் கிரெப்ஸின் குழு மின்னசோட்டாவில் ஓராண்டு பின்தொடர்ந்தது. ஓபியாய்டு பெற்றவர்களின் அன்றாடச் செயல்திறன் மற்றவர்களைவிடக் கூடவில்லை. வலியின் கடுமையோ ஓபியாய்டு பெறாதவர்களுக்கே சற்றுக் குறைவாக இருந்தது. பக்கவிளைவுகள் ஓபியாய்டு பெற்றவர்களுக்கு அதிகம்.

அப்படியானால் எது உதவும்? எரிச்சல், மதமதப்பு, மின்சாரம் பாய்வதுபோல் சுளீர் என்று இழுத்தல் என்று நோயாளி சொன்னால் அது நரம்பு வலியாக இருக்க வாய்ப்புண்டு. நீரிழிவுக்காரர்களின் பாத எரிச்சலும், அக்கி ஆறிய பின்னும் தொடரும் வலியும் இவ்வகை. இவற்றுக்குச் சாதாரண வலிமாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், டியூலாக்செடின், பிரிகாபலின் போன்றவை பலருக்குப் பயன்படும். முதுகு, மூட்டு வலிகளுக்கு ஒழுங்கான உடற்பயிற்சி, தூக்கம், வலியைப் பற்றிய அச்சத்தைக் களையும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றுக்குச் சான்று இருக்கிறது. வலி முற்றிலும் போகாவிட்டாலும் வேலைக்குப் போகவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும், நன்றாகத் தூங்கவும் முடிந்தால் அது வெற்றி. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்குவதும் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் மருத்துவர்கள் அன்றாடம் காணும் துயரம்.

வெள்ளமும் வறட்சியும்

1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில், அடிமைப்பழக்க முன்வரலாறு இல்லாதவர்கள் அடிமையானது நால்வர் மட்டும் என்றது அது. மருத்துவமனைக் கட்டிலில், மேற்பார்வையில், சில நாட்கள் பெற்ற மருந்தைப் பற்றிய தகவல் அது. ஆனால் வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் அது நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது. 1996-இல் பர்டியூ மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதன் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007-இல் அந்த நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் வலியை நாடி, வெப்பம், மூச்சு, இரத்த அழுத்தத்துடன் ஐந்தாவது அடிப்படைக் குறியாகப் பதிவு செய்யும் இயக்கமும் பரவியது. நோக்கம் நல்லது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் இந்தப் பதிவுக்கு முன்னும் பின்னும் நடந்த சிகிச்சையை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வு, வலியின் அளவை எண்ணாக எழுதத் தொடங்கியதால் வலிச் சிகிச்சையின் தரம் உயரவில்லை என்றது. எண் வந்தது, எந்த வலி என்ற கேள்வி வரவில்லை. 1999 முதல் 2021 வரை அமெரிக்காவில் ஓபியாய்டு மிகையளவால் இறந்தவர்கள் சுமார் 6,45,000 பேர். பிற்காலச் சாவுகளில் பெரும்பகுதி கள்ளச்சந்தை ஃபென்டனிலால். அஞ்சிய மருத்துவர்கள் அடுத்து மருந்தைத் திடீரென நிறுத்தியபோது, அதுவும் நோயாளிகளைத் தற்கொலைவரை தள்ளியதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது.

இந்தியாவின் கதை நேர்மாறு. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகளில் அபினைப் பதப்படுத்தி உலகுக்கு மருந்து மூலப்பொருளாக அனுப்பும் நாடு இது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. பல துறைகளின் உரிமங்கள் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருந்தால்தான் மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க முடிந்தது; பிசகினால் கடும் சிறைத் தண்டனை. மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. 1985-இல் ஏறத்தாழ 600 கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கியது. புற்றுநோய் முற்றிய லட்சக்கணக்கானோர் துடித்தே இறந்தார்கள்.

மாற்றம் கோழிக்கோட்டில் தொடங்கியது. 1993-இல் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண மையத்தை நிறுவினார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. மார்ஃபின் மாத்திரை வாய்வழியாக, நான்கு மணிநேரத்துக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திராமல் கடிகாரப்படி. வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்குவது. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்துத் தருவது. வலி அடங்காவிட்டால் அளவைக் கூட்டுவது. அளவுக்கு மீறித் தூங்கினால் குறைப்பது. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே சொன்ன வழிதான் இது. 2008-இல் கேரளம் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி, ஒரே உரிமம் என்று ஆனது. ஆனாலும் 2017-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டபோது, உலகில் வழங்கப்பட்ட 298.5 டன் ஓபியாய்டில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன், இந்தியாவில் கிடைத்தது தேவையில் 4 சதவீதம்.

அமெரிக்க வெள்ளமும் இந்திய வறட்சியும் ஒரே தவறின் இரு பக்கங்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு உதவாத மருந்து அங்கே அள்ளி வழங்கப்பட்டது. புற்றுநோய் வலிக்கு இன்றியமையாத அதே வகை மருந்து இங்கே பூட்டி வைக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் விவாதம் மருந்தைப் பற்றியே நடந்தது. நோயாளியைப் பற்றி நடக்கவில்லை.

இனி செய்யவேண்டியவை

மருத்துவமனைகள் வலியின் எண்ணைக் கேட்கட்டும். அதோடு நிறுத்தாமல், இரும முடிகிறதா, நடக்க முடிகிறதா, தூங்கினீர்களா என்றும் கேட்கட்டும். மருந்து கொடுத்துச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து பலனைப் பார்ப்பது செவிலியர் பணியின் பகுதியாகட்டும். அதற்குத் தேவையான செவிலியர் எண்ணிக்கையை அரசு தரட்டும். திருத்தப்பட்ட சட்டம் தந்த வழியைப் பயன்படுத்தி, மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மார்ஃபின் மாத்திரை இருக்கவேண்டும். அதைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வலி நிவாரணப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்ல வகைசெய்திருக்கிறது. முற்றிய புற்றுநோய்க்கு மார்ஃபினும், தேய்ந்த முதுகுக்குப் பயிற்சியும் அந்த ஒரே கதவின் வழியாகப் போய்ச்சேர முடியும்.

இதற்கெல்லாம் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. தேவையான அறிவு ஆய்விதழ்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மார்ஃபின் விலை மலிவு. தாய்ப்பாலுக்கு விலையே இல்லை. வலி நிவாரணத்தைக் கருணையாகப் பார்க்காமல் சிகிச்சையின் உரிமையான பகுதியாக ஏற்று, அது கிடைக்காதபோது கேள்வி கேட்கும் துணிவை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தரவேண்டும். "வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை மருத்துவக் குறிப்பில் புகாராக எழுதாமல், உடனே ஆராய்ந்து செயல்படவேண்டிய தகவலாக எழுதும் நாளில் நம் மருத்துவமனைகள் இந்த ஆராய்ச்சிக்கு நியாயம் செய்திருக்கும்.